கோட்டுப் போட்ட தணிகாசலம்

மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பும்போது, பிள்ளைப்பாக்கம் நிறுத்தச் சுவரில் தணிகாசலத்தைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. படத்தில் கோட்டுப் போட்டிருந்தார். இறங்க மறந்து ஸ்ரீபெரும்புதூர் வரை போய்விட்டேன்.

நம் வட்டாரச் செய்திகளை நாளிதழுக்கு எழுதிவந்தவராக அவரை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கோட்டின் கதை பலருக்குத் தெரியாது.

இன்றைய யூதர்களின் வாழ்வைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர்கள் வெளிநாட்டில் ஆறு மாதம் தங்கிப் படிக்க உதவித்தொகை தருவதாக ஓர் அறிவிப்பு வந்தது; தணிகாசலம் விண்ணப்பிக்க ஆசைப்பட்டார். விண்ணப்பத்தோடு, தம் நாளிதழில் அச்சான கட்டுரை ஒன்றை இணைக்க வேண்டும்.

"நம்ம பக்கம் யூதர் யாருப்பா?" என்றேன்.

"ஒர்த்தர் கீறாரு சார்."

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர், மும்பைப் பக்கத்து சாமுவேல். யூத வழக்கப்படி சனிக்கிழமை அவருக்கு ஓய்வுநாள். சூப்பர்வைசர் ஒருவர் மேலிடத்துக்குத் தெரியாமல் ஞாயிறு ஷிப்டுக்கு மாற்றிக் கொடுத்துவந்தார். உடன் வேலை செய்தவர்கள் சாமுவேலைக் கிறிஸ்தவர் என்றே நினைத்தார்கள்.

"இன்னா சாமு, சண்டே சர்ச்சுக்குப் போவாம ஸ்பேனர் புடிச்சுகினு கீறே?"

"நீ மட்டும் கோயில்லயா கீறே?" என்பாராம்.

தணிகாசலம் எழுதினார்; நான் ஆங்கிலத்தில் பெயர்த்தேன். பாஸ்போர்ட்டுக்கென்று, ஸ்டுடியோவில் தொங்கிய கோட்டை இரவல் வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். "ஏரோப்ளேன்ல ஜன்னல் சீட்டு கேட்டா தருவாங்களா சார்?" என்று இரண்டு முறை கேட்டார்.

யாரைப் பற்றி எழுதினாலும், அச்சுக்கு அனுப்புமுன் அவரிடமே வாசித்துக் காட்டுவது தணிகாசலத்தின் வழக்கம். ஒருமுறை, பஞ்சாயத்துத் தலைவரைக் குறைகூறும் செய்தியை அவரிடமே வாசித்துக் காட்டித் திட்டு வாங்கிவந்தார். சாமுவேலிடம் வாசித்தபோது நானும் இருந்தேன்.

"சூப்பரா கீதுண்ணே," என்றார் சாமுவேல். "ஆனா பேப்பர்ல வந்தா அந்த சூப்பர்வைசருக்கு வேலை போயிடும்."

பெயரை மாற்றிவிடலாமே என்றேன்.

"சனிக்கெழமை வராதவரு அந்த லைன்ல ஒர்த்தர்தான் சார். பேர மாத்துனா ஆளு மாறிடுவாரா?" என்றார் தணிகாசலம். தாள்களை மடித்து சாமுவேலின் கையிலேயே கொடுத்தார். வேறு கட்டுரை எழுத நாள் இல்லை. அந்த அறிவிப்பு மறுபடி எங்கள் கண்ணில் படவுமில்லை.

அதன்பின், விமானச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். இப்போது நான் பார்க்கிறேன். எந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பார் என்று யோசிக்கிறேன்.

வாசித்துக் காட்டும் அந்த வழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். இதை முதலில் சாமுவேலிடம் வாசித்தேன். சூப்பர்வைசர் ஓய்வுபெற்றுவிட்டாராம். "இப்ப பேரோடயே போடுங்க சார்," என்றார். பிறகு தணிகாசலத்தின் மனைவி மல்லிகாவிடம் வாசித்தேன். ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னார்.

எடுத்துவிட்டேன்.