என் கையெழுத்து

எனக்கு மூன்று பெண்கள். மறுபடி உண்டாகிவிடுமோ என்று மாதாமாதம் தேதி பார்த்துப் பயந்தே உடம்பு ஓய்ந்துவிட்டது. காப்பர் டி போட்டுக்கொள்கிறேன் என்றால், "பையன் பொறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்பார் வீட்டுக்காரர்.

அவர் கையெழுத்து இல்லாமல் ஆஸ்பத்திரியில் போடமாட்டார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். தட்டாஞ்சாவடி கம்பெனியில் பெட்டி ஒட்டும்போது, கழிவு அட்டைகளில் ஒரு வாரம் அவர் கையெழுத்தைப் போட்டுப் பழகினேன்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா கொடுத்த தாளில் அதையே போட்டு நீட்டினேன்.

"சேகர் யாரு?"

"வீட்டுக்காரரு சிஸ்டர். வெளிய நிக்கறாரு." பொய்.

"காப்பர் டி அவருக்கா போடப்போறோம்?"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்சம்மா குரலைத் தணித்துக்கொண்டார். "அவருது வேணாம்மா. உன் கையெழுத்து போதும்" என்று வேறு தாள் கொடுத்தார்.

பேனாவை வைத்ததும் கை தானாக மறுபடி 'சே' என்றே எழுதியது. அதை அடித்துவிட்டு, எட்டாவதோடு மறந்துபோன என் கையெழுத்தைக் கோணலாகப் போட்டேன்.

காப்பர் டி போட்டுக்கொண்டதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்று திரும்பும்போது பஸ்ஸில் அசந்து தூங்கிவிட்டேன். கண்டக்டர் எழுப்பியபோது என் ஸ்டாப்பிங் எப்போதோ தாண்டியிருந்தது. எத்தனை மாதத் தூக்கமோ.