எத்தனை பேர் ஏறலாம்?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு கெட்ட பழக்கம். விருந்துக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்கப் போனாலும் சரி, லிஃப்டுக்குள் நுழைந்ததும் முதலில் தகட்டைத்தான் படிப்பார். எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நாலு கிலோ. அப்புறம் உள்ளே நிற்கிறவர்களை ஒரு நோட்டம் விட்டு மனசுக்குள்ளேயே எடை போடுவார். ஒரு தடவை மனைவியின் பெரியம்மாவையே "நீங்க அடுத்ததுல வாங்க" என்று இறக்கிவிட்டார். அந்த அம்மாளுக்கு இன்றைக்கும் இவரோடு பேச்சு வார்த்தை கிடையாது. தகடு இல்லாத லிஃப்டா, ஏழு மாடியானாலும் படிதான்.

இப்பேர்ப்பட்ட மனுஷனிடம் போய் வெப்சைட்டுக்கு ஹோஸ்டிங் பாருங்கள் என்று சொன்னால் வீடு வீடாகவா இருக்கும்?

சொன்னது மனைவி. அவள் தையல்காரி. ஒற்றைக் கையால் போட்டுக் கழற்றுகிற துணிகள்தான் அவள் தைப்பது. வெளியே பார்த்தால் பட்டன், உள்ளே காந்தம். பக்கவாதம் வந்தவர்கள், கை அடிபட்டவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் எல்லாம் அவளுடைய வாடிக்கை. கடை தேடி அவர்களை அலையவிடக் கூடாது என்றுதான் வெப்சைட் வைத்தாள். அந்த வெப்சைட் குடியிருக்க யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ஹோஸ்டிங்.

போன வருஷம் அந்த இடத்தை லிஃப்ட்காரர் இலவசமாகப் பிடித்துக் கொடுத்தார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பார்த்திருக்கலாம். ஊருக்கெல்லாம் தகடு படிக்கிறவர் அன்றைக்கு ஓசி என்றதும் வாயைப் பிளந்துவிட்டார். சட்டைப் படத்துக்குப் பக்கத்தில் உடம்பு இளைக்கும் பவுடர் விளம்பரம் முளைத்தது. அப்புறம் ஒரு நாள் வெப்சைட்டே காணாமல் போய்விட்டது. போனதே மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதிலிருந்து வெப்சைட் என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை, தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் என்று தைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது வானொலியில் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவளோடு பேட்டி, முடிவில் வெப்சைட் முகவரி சொல்லலாம்.

"இந்தத் தடவை விழுந்துச்சுன்னா," என்றாள் நூல் கோத்துக்கொண்டே, "இனிமே என் தொழில்ல நீங்க எதுவும் பாக்க வேண்டாம். தம்பி பாத்துக்கட்டும்."

தம்பி என்றால் லிஃப்ட்காரரின் மச்சினன். கம்ப்யூட்டர் கடையில் வேலை, வாயைத் திறந்தால் அறிவுரை. "அன்லிமிடெட்டா ஒண்ணு எடுங்க மாமா. கண்ணை மூடிட்டு எடுங்க."

கண்ணை மூடிக்கொண்டு எடுத்த லட்சணம்தான் போன வருஷமே பார்த்தாயிற்றே. லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. மச்சினன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு இந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதா? விடுவேனா என்று நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் ஹோஸ்டிங் கம்பெனிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட ஆரம்பித்தார். ஏன் அந்த நேரம் என்றால், லிஃப்டில் ஆள் மாட்டுவது எப்போதும் அந்த நேரத்தில்தான். லிஃப்ட் மேலே போகிற அழகைப் பார்த்து மதிப்புப் போடக் கூடாது, உள்ளே இருந்து பெல் அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் கேட்கிறான் என்று பார்க்க வேண்டும். இது அவருடைய இருபத்திரண்டு வருஷத்து வேதம்.

முதல் கம்பெனி முதல் வருஷத்துக்கு அடிமாட்டு விலை சொன்னது. இரண்டாம் வருஷம் எவ்வளவு என்று குடைந்தார். நாலு மடங்கு.

"அதாவது மேல போக ஓசி, கீழ இறங்கக் காசு," என்றார் லிஃப்ட்காரர். "எங்க லைன்ல இப்படி வெச்சா ஜனங்க ஜன்னல் வழியா குதிச்சிருவாங்க."

இரண்டாவது கம்பெனி தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீத நேரம் ஓடும் என்று பெருமை பேசியது. லிஃப்ட்காரர் பென்சிலை எடுத்தார்.

"அப்ப வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் ஓடாது."

"கணக்குப் போட்டா... ஆமா சார்."

"எந்த எட்டே முக்கால்?"

"சார்?"

"சனிக்கிழமை காலைல பதினொரு மணி அதுல வருமா, வராதா?"

மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அந்தப் பையன் பாட்டைப் போட்டுவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். பாட்டு ஓடி ஓடி, மனைவி இரண்டு சட்டைக்குக் காலர் வைத்து முடித்துவிட்டாள். 'பெல் அடித்தால் பாட்டு வருகிறது' என்று நோட்டில் எழுதிவிட்டு வைத்தார்.

மூன்றாவதும் நான்காவதும் மச்சினன் சொன்ன அன்லிமிடெட்.

"எத்தனை பேர் ஏறலாம்?"

"அன்லிமிடெட் சார்."

"சரி, எத்தனை பேர் ஏறினா நிக்கும்?"

"நிக்கவே நிக்காது சார். நியாயமான பயன்பாட்டுக்கு உட்பட்டு அன்லிமிடெட்."

"யாரோட நியாயம்?"

இரண்டு பெயரையும் நோட்டில் அடித்தார். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று முணுமுணுத்தபடி ஐந்தாவதைக் கூப்பிட்டார். கேள்விப்படாத சின்னக் கம்பெனி. மூன்றாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள், வாயில் சாப்பாட்டோடு.

"சாப்பிட்டுட்டு இருக்கேன், பரவாயில்ல, சொல்லுங்க."

"எத்தனை பேர் ஏறலாம்?"

அவள் முழிக்கவில்லை. படங்கள் பெரிசா சின்னதா, எத்தனை பக்கம் என்று திருப்பிக் கேட்டாள். "ஒரே நேரத்துல இருநூறு பேர் தாங்கும் சார். அதுக்கு மேல போனா மெதுவாகும். கூட்டம் வர்ற நாளை முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா அன்னைக்கு மட்டும் கூட்டி வைக்கிறேன். தினமும் ஒரு நகல் எடுப்போம், ஆனா நீங்களும் ஒண்ணு வெச்சுக்கங்க. என்னை மட்டும் நம்பாதீங்க."

"அடுத்த வருஷ வாடகை?"

"இதேதான்."

லிஃப்ட்காரர் 'இருநூறு' என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். தகடு மாட்டிய ஒரு மனுஷி இந்த உலகத்தில் இருக்கிறாள். அந்த நிமிஷமே பணம் கட்டி, சனிக்கிழமையையும் சொல்லி வைத்தார்.

பக்கங்களை ஏற்றிக் கொடுக்க வந்த மச்சினன் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தான். "ஊரே அன்லிமிடெட் தருது, நீங்க போய்த் தேடிப் பிடிச்சு இருநூறை வாங்கியிருக்கீங்களே மாமா." மனைவி தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெல்ல ஆரம்பித்தார். "ஏம்மா, ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லிடேன். எல்லாரும் ஒண்ணா ஏற வேண்டாம்னு."

"என் மானம் போறதுக்கு வேற வழி ஏதாவது பாக்கி இருக்கா?" என்றாள்.

சனிக்கிழமை. ஒரு காதில் வானொலி, ஒரு கண் கம்ப்யூட்டரில், பக்கத்தில் மச்சினன். மனைவி நன்றாகப் பேசினாள். காந்தத்தைப் பற்றிச் சொன்னாள், முகவரியைச் சொன்னாள். அப்புறம் சற்று நிறுத்தினாள்.

"இன்னொண்ணு. எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே நேரத்துல இருநூறு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்கார். மத்தவங்க பத்து நிமிஷம் கழிச்சு வாங்க."

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். லிஃப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் இவர் பேச்சை மதித்து ஊரறியச் சொன்னது கல்யாணமான இந்த இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

வேண்டாம் என்றால் கேட்கிற ஜனமா? என்ன அது இருநூறு என்று பார்க்கவே வந்து குவிந்தார்கள். பக்கம் மெதுவானது. ஒரு சட்டையின் படம் காலர் வரைக்கும் வந்து நின்றது. லிஃப்ட்காரர் தட்டினார், மறுபடி தட்டினார், வேர்த்துக் கொட்டியது. போன் அடித்தது, அந்த ஐந்தாவது கம்பெனிப் பெண்.

"சார், நானூறு தாண்டிடுச்சு. இன்னும் கூட்டிக்கிட்டே இருக்கேன், விழ விட மாட்டேன். ஆனா நீங்க அதைத் திறந்து திறந்து பாக்காதீங்க. கூட்டத்துல பாதி நீங்கதான்."

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சட்டை கீழே வரைக்கும் முழுசாக வந்தது. மச்சினனுக்கு அந்த நேரம் பார்த்து வெளியில் ஏதோ வேலை வந்துவிட்டது.

மனைவி வீடு திரும்பியபோது வெப்சைட் வழியாக நாற்பத்தொரு கடிதங்கள் வந்திருந்தன. "முதல்ல வந்ததைப் படிங்க," என்று செருப்பைக் கழற்றினாள். லிஃப்ட்காரர் ராஜா மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"போன வருஷமே வந்தேன். உங்க பக்கம் திறக்கலை. பத்து நாள் விடாம பாத்தேன், அப்புறம் விட்டுட்டேன். எனக்கு வலது கை வராது. இந்த ஒரு வருஷமா வேலைக்குப் போறதுக்கு முன்னாடி என் மகள்தான் எனக்குப் பட்டன் போட்டுவிடுறா. இன்னைக்குத் திறந்துச்சு."

பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது. எந்த எட்டே முக்கால் என்று அந்தப் பையனை மிரட்டினோமே, நாம் விட்டது எவ்வளவு என்று நெஞ்சில் குத்தியது. அன்றைக்கு ஓசிக்கு ஆசைப்பட்ட தன் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

"என்னாச்சு?" என்றாள் மனைவி.

"உள்ள மாட்டிக்கிட்டு பத்து நாள் பெல் அடிச்சிருக்காங்கம்மா. நான் எடுக்கலை."

அவள் அவரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப எடுத்தாச்சுல்ல," என்றாள். "தோள் அளவு என்னன்னு கேளுங்க."