வலது கடைவாயில் அடைத்த வெள்ளி

அந்தக் காலத்தில் கோவில்பட்டித் தானியக் கமிஷன் கடைகளில் ஈரம் பார்க்கப் பல்தான் கருவி. மூட்டைக்குள் கையை விட்டு நாலு உளுந்தை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார்கள். காய்ந்த உளுந்து இரண்டாக உடையும். ஈரமானது பல்லுக்கடியில் நசுங்கும். ஈரம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் எடையில் கழித்துவிடுவார். எதிர்த்துப் பேச வேண்டுமானால் நாமும் கடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

நான் கடித்தேன். வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குப் போனபின், இடைசெவல் பக்கம் இருந்த எங்கள் கரிசல் நிலத்தில் விதைப்பதும் விற்பதும் என் தலையில் விழுந்தன. முதல் தடவை நான் கடையில் நின்று உளுந்தை வாயில் போட்டபோது மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். வீட்டில் ஆம்பளை இல்லையா என்று கடைக்காரர் கேட்டார். இருக்கிறார், அவர் பல்லும் அவரோடு போயிருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

சிக்கல் என்னவென்றால், என் இடது கடைவாய்ப் பற்கள் இரண்டும் பிள்ளை பெற்ற காலத்திலேயே சொத்தையாகிப் பிடுங்கியாகிவிட்டது. கடிக்க வலது பக்கம்தான் மிச்சம். எழுபதுகளின் நடுவில் அங்கேயும் ஒரு பல்லில் குழி விழுந்தது. மாமியார், "ஏட்டி, பிடுங்கிப் போட்டுட்டு வராம, பல்லுக்கு மராமத்தா பாக்கப் போற?" என்றார். ஆமாம், பார்க்கத்தான் போகிறேன் என்று பஸ் ஏறினேன்.

கோவில்பட்டியில் மாடியறை ஒன்றில் இருந்த பல் டாக்டர் முதலில் வெள்ளைச் சிமெண்டு வைத்து அடைத்தார். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. எச்சிலிலும் புளியிலும் கரைந்து, மறுபடி குழியில் நாக்கு போய் நின்றது. அடுத்த தடவை வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் சின்னக் கல்வத்தில் அரைத்து, துணியில் பிழிந்து, குழியில் வைத்து அழுத்தினார். இது கரையாது, ஆனால் இறுக ஒரு நாளாகும், நாளை வரை இந்தப் பக்கம் எதையும் கடிக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

மாடிப்படி இறங்கி நேரே கமிஷன் கடைக்குப் போனேன். அன்றைக்குத்தான் எங்கள் வண்டி மூட்டையோடு வந்து நின்றது. கை மூட்டைக்குள் போனது, உளுந்து வாய்க்குள் போனது, கடித்தும் விட்டேன். வெள்ளியின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு உதிர்ந்துவிட்டது. என் மேலேயே எனக்கு ஆத்திரம். யாரிடமும் சொல்லவில்லை; சொன்னால் மாமியார் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி.

வெள்ளி எப்படித் தேயும் என்பதை அடுத்த பத்து வருஷமும் என் நாக்குதான் படித்தது. முதலில் பளபளப்பு போய்க் கறுத்தது. பிறகு நடுவில் பள்ளம் விழுந்து, கொத்தாத ஆட்டுரல் மாதிரி வழவழத்தது. ஓரம் பொடிப்பொடியாக உதிர, பல்லுக்கும் வெள்ளிக்கும் நடுவில் சந்து விழுந்தது. கம்மங்கஞ்சியில் கிடக்கும் மணலெல்லாம் அங்கேதான் போய் உட்காரும். சந்துக்குள் மறுபடி சொத்தை பிடிக்கும் என்று டாக்டர் எச்சரித்தார். பிடித்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கமே கடித்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் ஒரு தை மாசம். நாலு நாள் களத்தில் காயப்போட்டு, நானே புரட்டிவிட்ட உளுந்து. கடைக்காரர் முன்பல்லில் ஒன்றை வைத்து உருட்டிவிட்டு, ஈரம் என்றார்.  மூட்டையிலிருந்து ஒரு உளுந்தை எடுத்து வலது கடைவாயில் வைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கடித்தேன்.

கடையே திரும்பிப் பார்க்கும் சத்தம். உள்ளங்கையில் துப்பினேன். வெள்ளையாகப் பிளந்த இரண்டு பருப்பு, பக்கத்தில் கறுத்த வெள்ளித்துண்டு ஒன்று. கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"ஈரம்னா நசுங்கும் அண்ணாச்சி. இது உடைஞ்சிருக்கு, என் பல்லுல அடைச்ச வெள்ளியையும் சேத்து உடைச்சிருக்கு. இப்பச் சொல்லுங்க."

 அவர் தராசுக்காரரிடம் திரும்பி, கழிவில்லாமல் நிறுக்கச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலமே மாடியேறினேன். டாக்டர் விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார். சுற்றிலும் தகடு மாதிரிதான் பல் நிற்கிறது, இனி எதை வைத்தாலும் ரொம்ப நாள் நிற்காது, பிடுங்கிவிடுவதுதான் நல்லது என்றார்.

"பிடுங்கிட்டா, அப்புறம் அவிய சொல்லுததுதான் ஈரம்," என்றேன். "அடைங்க டாக்டர்."

அவர் கல்வத்தை எடுத்தார்.