பிழையான வீட்டு இலக்கம்

பிரிண்டர் தாளை உள்ளே இழுக்கும்போது முதலில் ஒரு செருமல், பிறகு ஒரு நீண்ட மூச்சு, அதன்பின் பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் ஒரு சத்தம். எந்த அலுவலகத்தில் அதைக் கேட்டாலும் என் வலது கை தானாகவே காற்சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அமெரிக்காவில் கடைசியாக ஜனாதிபதித் தேர்தல் நடந்த ஆண்டு, ஒக்டோபர் முடிகிற வாரம், பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் நின்றபோது தொற்றிக்கொண்ட பழக்கம் இது.

அண்ணையின் மகள் வந்திருந்தாள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள், இருபது வயது. நான்கு மாதப் படிப்புக்காக லீல் நகரத்துக்கு வந்தவள், இலையுதிர்கால விடுமுறைக்குப் பாரிஸ் புறநகரான லா கூர்னெவில் எங்கள் வீட்டில் தங்கினாள். அவளுக்கு அது முதல் ஜனாதிபதித் தேர்தல். வாக்குச்சீட்டு மின்னஞ்சலில் வந்திருந்தது. அதை அச்செடுத்து, அடையாளமிட்டு, உறையிலிட்டு, தேர்தல் நாளுக்குள் அவளுடைய மாநிலத்துக்குப் போய்ச் சேரும்படி அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் பிரிண்டர் இல்லை. ஆகவே லா சப்பலுக்குக் கூட்டிப் போனேன்.

கடைக்காரர் மன்னார்க்காரர். வதிவிட அனுமதிப் படிவம் நிரப்புவதிலிருந்து திருமுழுக்கு அழைப்பிதழ் அடிப்பது வரை எங்கள் ஆட்களின் காகித வாழ்க்கை முழுவதும் அவர் கையால்தான் போகும். திரையில் வாக்குச்சீட்டைக் கண்டதும் கண்ணாடியை உயர்த்தி, ஆருக்குப் போடப்போகிறாய் பிள்ளை என்று கேட்டார். அவள் வாய் திறக்குமுன் தன் விருப்பத்தையும் சொல்லிவிட்டார். எல்லையை மூடுவேன் என்று சொல்கிறவர்தான் அவருக்குப் பிடித்த ஆள். கதவைப் பூட்டாவிட்டால் உலகம் முழுக்க உள்ளே வந்துவிடுமாம்.

“நீங்கள் இஞ்சை எப்பிடி வந்தனீங்கள், அங்கிள்?” என்று கேட்டாள்.

“நான் பூட்ட முதல் வந்தனான்.”

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் வாசலைப் பார்த்தேன். அரசியல் கதைக்கும் இடத்தில் நின்றால் முதலில் வாசலைப் பார்ப்பது என் உடம்புக்குள் ஊறிப்போன ஒன்று.

கடைசிப் பக்கம் வெளியே வந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அவளுடைய மாநிலத்துச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வாக்களிப்பவருக்கு ஒரு சாட்சி வேண்டும். சாட்சி அந்த நாட்டவராக இருக்க வேண்டியதில்லை. பெயர், கையெழுத்து, முகவரி, அவ்வளவுதான். அவள் கடைக்காரரிடமே கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் துப்பாக்கிக்கு முன்னால் உயர்த்துவதுபோல் உயர்த்தினார்.

“கையெழுத்தை மட்டும் கேளாதை பிள்ளை. வேறை என்னெண்டாலும் கேள்.”

அவள் மற்ற இரண்டு பேர் பக்கம் திரும்பினாள். ஒருவருக்குத் திடீரென்று பஸ் நினைவுக்கு வந்துவிட்டது. மற்றவர் சுவரில் ஒட்டியிருந்த கல்யாணமண்டப விளம்பரத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படிக்கத் தொடங்கினார். அவளுக்கு அது வேடிக்கை. என் வலது கை காற்சட்டைப் பைக்குள் போனது, ஏனென்றால் மிஞ்சியிருந்தது நான்தான்.

அங்கிருந்து கார் து நோர் ரயில் நிலையம் வரை நடந்தோம். வழி முழுக்க அவள் கதைத்தாள். மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் தடதடத்துப் போனது, கீழே மரக்கறிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், அவள் எதற்கும் குரலைத் தாழ்த்தவில்லை. ஏழு வயதில் வகுப்பறை அலுமாரிக்குள் பிள்ளைகளோடு பிள்ளையாக நெருக்கியடித்து ஒளிந்திருந்ததைச் சொன்னாள். துப்பாக்கிக்காரன் வந்தால் எப்படிச் சத்தமில்லாமல் இருப்பது என்று பள்ளிக்கூடத்தில் பழக்கினார்களாம், அழாத பிள்ளைக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்களாம். பெண்ணின் உடம்பைப் பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், எந்த ஊரில் படிக்கலாம் என்று தோழிகள் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்ததைச் சொன்னாள். ஒரு சிநேகிதியின் தாய்க்கு விசா இல்லை. காரின் பின்விளக்கு எரியாத நாளில் அந்தப் பெண் வேலைக்கே போகமாட்டார், பொலிஸ் மறித்தால் அன்றோடு எல்லாம் முடிந்துவிடும். தூரத்து ஊர்களில் விழுகிற குண்டுகளில் தன் நாட்டின் பங்கு இருப்பதை நினைத்தால் யாருக்கும் மனம் நிறைந்து போட முடியவில்லை என்றாள்.

“இரண்டு பேரிலையும் எனக்குப் பெரிய விருப்பமில்லை, சித்தப்பா. ஒராளிலை பயம் கூட. அதாலைதான் போடுறன்.”

பயத்தால் ஒன்றைச் செய்வதா? பயத்தால் செய்யாமல் விடத்தான் எனக்குத் தெரியும். பேசாமல் இருப்பது, பெயர் கொடுக்காமல் இருப்பது, கூட்டம் கூடினால் மறுபக்கத் தெருவால் போவது, என் பயம் எனக்குச் சொல்லித் தந்ததெல்லாம் இவ்வளவுதான். மெல்லமாகக் கதை என்று அவளிடம் மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் அவள் நின்று தெருவை இருபுறமும் பார்த்து, ஆர் கேட்கிறார்கள் என்று கேட்டாள். என்னால் ஒருவரையும் காட்ட முடியவில்லை. கேட்பவர்கள் எல்லாரும் என்னோடு விமானம் ஏறி வந்தவர்கள். இருபத்தைந்து வருடமாக என் தலைக்குள் வாடகையில்லாமல் குடியிருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் எங்கள் குசினி மேசையில் அவள் தாள்களைப் பரப்பினாள். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அண்ணையின் மகள் விதிகளை வாசித்துச் சொன்னாள். வெற்றுச் சீட்டைச் சாட்சிக்குக் காட்ட வேண்டும். பிறகு அவர் அதே அறையில் இருக்க வேண்டும், ஆனால் அவள் யாருக்குப் போடுகிறாள் என்பதைப் பார்க்கக் கூடாது. காட்டினாள், பார்த்தேன். இப்போது அங்காலே திரும்புங்கோ என்றாள்.

திரும்பினேன். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவர். முதுகுக்குப் பின்னால் பேனை ஊர்கிற சத்தம். இதற்கு முன் என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னவர்கள் சீருடை போட்டிருந்தவர்கள். இவளோ இருபது வயதுப் பிள்ளை, கால்மேல் கால் போட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி நாட்டுக்குத் தலைவரைத் தெரிவு செய்கிறாள். இது வேறு அது வேறு என்று மூளை சொன்னது. ஆனாலும் அடுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு என் முறை. பெயர் எழுதினேன். கையெழுத்து வைத்தேன். தெருப் பெயர் எழுதினேன். இலக்கத்தில் பேனை நின்றது. எங்கள் கட்டடம் நாற்பத்தாறு. நான் பதினெட்டு என்று எழுதினேன். கை தவறவில்லை. பதினெட்டாம் இலக்கத்தில் ஒரு பூட்டிய கிடங்கு இருக்கிறது. யார் தேடி வந்தாலும் இரும்புக் கதவைத்தான் தட்டுவார்கள் என்பதை அந்த அரை நொடிக்குள் நான் கணித்திருந்தேன். அவள் நன்றி சொல்லி என் கன்னத்தில் முத்தமிட்டு உறையை ஒட்டினாள்.

அடுத்த நாள் காலை கார் து நோருக்குப் போகும் ரயிலில், பொழுதுபோகாமல் விதிகளை மறுபடி வாசித்தாள். சாட்சியின் முகவரி பிழையென்றோ முழுமையில்லையென்றோ கண்டால் வாக்கை எண்ணாமல் ஒதுக்கிவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைச் சத்தமாக வாசித்து, நல்லகாலம் சித்தப்பாவின் எழுத்து வடிவான எழுத்து என்றாள். அவளுடைய மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் ஆட்கள் மனம் மாறினாலே நாடு மாறுமாம். அதனால்தான் இதைத் தபாலில் விடாமல் கூரியரில் அனுப்புகிறாளாம்.

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

கூரியர்க் கடை வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் கொடுப்பவற்றைத்தான் நேரத்துக்குச் சேர்ப்பிக்கலாம் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். முதல் ஆள் நகர்ந்தார். பேசாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? எண்ணாவிட்டாலும் அவளுக்குக் காரணம் தெரியவராது, அல்லது எழுத்துப் பிழை என்று நினைப்பாள். இரண்டாம் ஆளும் நகர்ந்தார்.

“பிள்ளை, அந்த வீட்டு இலக்கம் பிழை.”

மறந்துபோய் எழுதிவிட்டீர்களா என்று கேட்டாள். ஓம் என்றால் முடிந்திருக்கும். அவளே அந்த வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இல்லை. தெரிஞ்சுதான் எழுதினனான்.”

வெளியே வந்தோம். அவள் ஆங்கிலத்துக்கு மாறினாள். கோபம் வேகமாக வந்தது. பாதிதான் எனக்கு விளங்கியது, அந்தப் பாதியே போதும். கடைசியில் தமிழுக்குத் திரும்பி வந்து ஒன்று சொன்னாள்.

“என்ரை வாக்கை நீங்கள் களவெடுத்திட்டீங்கள்.”

ஊரில் துப்பாக்கியோடு வந்து வாக்கைக் களவெடுத்தவர்களை எனக்குத் தெரியும். நான் ஒரு பேனையால் அதைச் செய்திருந்தேன், என் குசினியில், அவள் முத்தமிட்ட கன்னத்தோடு.

அப்போதுதான் சொன்னேன், மெத்ரோப் பாலத்துக்குக் கீழே, ஒரு தூணோடு சாய்ந்து நின்று. எனக்குப் பத்தொன்பது வயது. யாழ்ப்பாணத்தில் என் வகுப்புத் தோழன் ஒருவன் ரியூசனுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அவனைத் தேடித் தரச் சொல்லி ஒரு மனு எழுதினோம். பதினான்கு பேர் கையெழுத்து. எழுத்து வடிவானது என்பதால் மனுவை எழுதியதும் நான், பெயர்களுக்கு நேரே முகவரிகளை ஒன்றும் பிசகாமல் எழுதியதும் நான். ஒரு கிழமைக்குள் அந்த முகவரிகளைப் பிடித்துக்கொண்டே சீருடைக்காரர்கள் வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் வெளியே போயிருந்தேன். கதவைத் திறந்த அண்ணையிடம் என் பெயரைச் சொல்லி, எங்கே அவன் என்று கேட்டார்கள். நான்தான் அது என்று அண்ணை சொன்னார். அவரைக் கொண்டுபோய் ஒன்பதாம் நாள் விட்டார்கள். இடது கையின் இரண்டு விரல்கள் பிறகு மடங்கவேயில்லை.

அதைப் பற்றி அண்ணையும் நானும் இன்றுவரை ஒரு சொல் கதைத்ததில்லை. தொலைபேசியில் பனி, முழங்கால் வலி, எந்தக் கடையில் நல்ல அரிசி. இருபத்தைந்து வருடம் அரிசியைப் பற்றியே கதைத்திருக்கிறோம்.

“அப்பா கார்க் கதவுக்குள்ளை கை அகப்பட்டதெண்டவர்” என்றாள் அவள். தன் இடது கையை விரித்து, அந்த இரண்டு விரல்களையும் மடக்கி நிமிர்த்திப் பார்த்தாள். எனக்கு இன்னொரு பயம் வந்தது. அண்ணை மகளிடமிருந்து மறைத்து வைத்ததை நான் தெருவில் வைத்து உடைத்துவிட்டேன். ஒரு பொய்யைத் திருத்தப் போய், என்னுடையதல்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மேலே இரண்டு ரயில் போனது. பிறகு, நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டாம் சித்தப்பா, வேறு ஆரையும் பார்க்கிறேன் என்றாள். கோபத்தில் அல்ல. அந்த மெதுவான குரல்தான் என்னைக் கூனிக் குறுக வைத்தது. வேறு யார்? நேரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. அந்தத் தெருவில் தன் பெயரை ஒரு தாளில் எழுதத் துணிந்த ஒருவரைத் தேட அவளுக்கு ஒரு மணித்தியாலம் போதாது. எனக்கே ஒரு ஆயுள் போதவில்லை.

நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கொப்பிக் கடைக்கு நடந்தேன்.

அவள் பழைய உறையைப் பிரித்து, தாள்களைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக் கடைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு மறுபடி அச்செடுத்தார். பின்பக்க மேசையிலிருந்த பெட்டிகளை இறக்கி இடம் செய்து கொடுத்தார். வெற்றுச் சீட்டைக் காட்டினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். அவரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றார். அவருக்கு அப்படி நிற்க வேண்டிய அவசியமே இல்லை.

“என்ரை ஆளுக்கு எதிரான வாக்கை நானே அடிச்சுக் குடுக்கிறன்” என்று சுவரிடம் சொன்னார். “இதைவிட என்ன ஜனநாயகம் வேணும்?”

எங்கள் முதுகுக்குப் பின்னால் அவள் சிரித்தது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சுவரில் ஊன்றிய கையை எடுக்கவில்லை. சிரிப்பு வந்தால் பயம் போய்விடும் என்பதெல்லாம் பொய். இரண்டும் ஒரே உடம்பில் ஒன்றாக நிற்கும்.

நாற்பத்தாறு என்று எழுதினேன். மாடி எழுதினேன், கதவு இலக்கம் எழுதினேன், தபால் குறியீடு எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். உலகத்தில் யாரும் என்னைத் தேடி நேரே வந்து சேரலாம். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உறை கூரியர் மேசையைத் தாண்டிப் போனது.

அந்தத் தேர்தல் எப்படி முடிந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அவளுடைய வாக்கு ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்ததை எனக்கு அனுப்பியிருந்தாள். முடிவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கதவு மணி அடித்தால் இன்றும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று. ஆனால் எங்கே எழுதச் சொன்னாலும் நாற்பத்தாறு என்றுதான் எழுதுகிறேன். பயம் போகவில்லை. அது சொல்கிற இலக்கத்தை எழுதுவதைத்தான் நிறுத்தியிருக்கிறேன். அண்ணையோடு பிறகு கதைத்ததை இங்கே எழுதமாட்டேன், அது எங்கள் இருவருக்கும் உரியது. ஒன்று மட்டும் சொல்லலாம், அரிசியைப் பற்றியல்ல.

உறையை அனுப்பிய அன்று பின்னேரம் கார் து நோரில் அவளை லீல் ரயிலில் ஏற்றிவிட்டேன். படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

“அப்பாவிட்டை நான் கேக்கட்டோ, நீங்கள் கேக்கிறீங்களோ?”

“நான் கேக்கிறன்.”

“எப்ப, சித்தப்பா?”

“ஞாயிற்றுக்கிழமை. அவர் வீட்டிலை நிக்கிற நாள்.”