அம்மா பேரில் மூன்று மா

என்கொயரி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது போலீஸ் வேன் அருகில். கூலித் தகராறு நடந்த ஊர் வழியாகச் சும்மா நடந்து போனேன். "என்கொயரிதான், ஏறு" என்றார்கள். இரண்டு நாள் கழித்து விட்டார்கள். ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜன்னலுக்கு மேலே அதே சொல்லை எழுதியிருந்தார்கள். அங்கே நாம்தான் கேட்க வேண்டும். உள்ளே ஆள் இருக்கமாட்டார்.

மூன்றாவது தடவை அது எங்கள் வயலுக்கே வந்தது. அப்பா இறந்த பிறகு மிராசுதாரின் மூன்று மா நிலத்தை அம்மாதான் குத்தகைக்குப் பயிரிட்டு வந்தாள். குத்தகையை என் பெயரில் பதியச் சொல்லி மனு எழுதிக் கொடுத்திருந்தேன். பதிவாகாவிட்டால் அடுத்த நடவுக்கு நிலம் இல்லை. என்கொயரிக்குத் தாசில்தார் எந்த நாளும் வரலாம், வயலில் நிற்கிறவன்தான் சாகுபடிக்காரன் என்றார்கள்.

பதினொரு நாள் நின்றேன். வேலை என்றால் செய்துவிடுவேன், காத்திருக்க என்னால் ஆகாது. பன்னிரண்டாம் நாள் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிவிட்டேன். அங்கே காரியம் ஒன்றுமில்லை. மத்தியானம் திரும்பினால் ரோட்டில் ஜீப், வரப்பில் தாசில்தார்.

மிராசுதாரின் காரியஸ்தர் குடையால் என்னைக் காட்டினார். "வர்றாரு பாருங்க சாகுபடிக்காரரு! சட்டையில ஒரு பொட்டு சேறு உண்டா? இது எங்க பண்ணை சாகுபடிங்க."

தாசில்தார் அவரையே கேட்டார். "சரி, தண்ணி எந்த மடையில வைக்கிறீங்க?"

"அதெல்லாம் ஆளுங்களுக்குத் தெரியுங்க."

"அந்த ஆளு நான்தாங்க" என்றாள் அம்மா, சேற்றிலிருந்து ஏறாமலே. "வடக்கு மடை. தெக்கால வெச்சா நாத்து மெதக்கும்."

தாசில்தார் இரண்டு மடையையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேனாவைத் திறந்தார். "பையன் பேரச் சொல்லும்மா."

"எம் பேர எழுதுங்கய்யா. அவன் கால் ஓரெடத்துல நிக்காது."

எனக்குச் சுருக்கென்றது. மனு எழுதியபோது அவள் பெயரையும் எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா முந்தானையில் சேற்றைத் துடைத்துக்கொண்டு கைநாட்டு வைத்தாள். அதன்பிறகு நான் அங்கே நிற்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் கிளம்பினேன். எங்கே போகிறாய் என்று அவள் விசாரிக்கவில்லை. சோறு மட்டும் கட்டிக்கொடுத்தாள்.