சுவரில் வந்து உட்கார்ந்த காகங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில்தான் அமாவாசைதோறும் காகத்துக்குச் சோறு வைப்போம். அது தின்னாமல் நாங்கள் சாப்பிட முடியாது. ஓர் அமாவாசைக் காலையில், அந்தச் சுவருக்கு நேர் கீழே தேங்காய் மட்டைக் குவியலுக்குள் மூன்று பூனைக்குட்டிகள் கிடந்தன. கண் திறக்கவில்லை.

மனைவி ராஜபாளையத்துக்காரி. நாய் வளர்த்த வீட்டில் பிறந்தவள். குட்டி என்று எதைக் கண்டாலும் மடியில் தூக்கிப் போட்டுக்கொள்வாள்.

"ஏங்க, உள்ள தூக்கிட்டு வந்து பால் வைக்கேன்."

"தொடாதட்டி. தாய் எரை தேடப் போயிருக்கும். நாம தள்ளி நின்னாத்தான் வரும். பசும்பால் குடுத்தா வயித்தால போயே செத்துரும்."

அரசாங்க விதிகளைப் படித்தே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். எதற்கும் முறை என்னவென்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. எட்ட நின்று பார்த்தேன். வயிறுகள் உருண்டையாக இருந்தன, கத்தாமல் தூங்கின. தாய் இருக்கிறது. ஆகவே காத்திருக்க வேண்டும். இருவரும் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டோம்.

உச்சிவேளையானது. தெருவில் கொல்லைக்குக் கொல்லை 'கா, கா' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் படித்த முறைகளில் அமாவாசை பற்றி ஒன்றுமில்லை.

"இன்னைக்கு மட்டும் சோத்த முன்வாசல்ல வையி" என்றேன். வைத்தாள். காகங்கள் பழக்கப்பட்ட இடத்துக்கே வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு சுவர் முழுக்க. ஒன்றும் கரையவில்லை. எல்லாம் கீழேயே பார்த்தன. ஒன்று மட்டைமேல் குதித்தது.

நான் கம்பை எடுத்தேன். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அமாவாசையில காக்காவ அடிப்பீகளா? ஒங்க அப்பா எதுல வந்திருக்காகளோ!"

"அப்பாவா இருந்தா சோத்த விட்டுட்டு இங்க எதுக்கு வாராரு?"

"உசுரோட இருக்கையிலயும் அடுத்தவுக எலையத்தான பாப்பாக" என்று சிரித்தாள்.

அதற்குள் ஒரு குட்டி கீச்சிட்டது. காகம் அதன் காதைக் கொத்தியிருந்தது.

கையை விட்டுவிட்டு ஓடியவள் அவள்தான். கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தைக் குட்டிகள்மேல் போட்டாள்.

"ஒரு பக்கம் செங்கல்லு வச்சுத் தூக்கி விடு, தாய் நுழையணும்" என்று கத்தினேன். முறைப்படி சரியான யோசனை. காகம் நுழையவும் அதே வழி போதும் என்பது, அவள் அப்படியே வைத்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு காகம் அந்த இடைவெளியை நோக்கி நடந்தது. நாங்கள் வெளியே போனால் தாய் வராது; போகாவிட்டால் காகம் உள்ளே நுழைந்துவிடும்.

மனைவி கதவைத் திறக்கப் போனபோது, சாம்பல் நிறப் பூனையொன்று சுவரேறிக் குதித்தது. காகங்கள் அதன் முதுகில் விழுந்து விழுந்து கொத்தின. அது சட்டை செய்யாமல் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பக்கத்துக் கொட்டகைக்குள் போனது. மீண்டும் வந்தது. ரத்தம் கசிந்த காதுடன் இருந்த குட்டியைக் கடைசியாகத்தான் எடுத்தது. அதுவரை நாங்கள் அசையவில்லை.

முன்வாசல் சோறு தீண்டப்படாமல் காய்ந்தது. காகம் தின்னாமலே, மனைவிதான் முதலில் சாப்பிடத் தட்டை எடுத்து வைத்தாள்.

அடுத்த அமாவாசைக்கு மட்டைகளை அப்புறப்படுத்திவிட்டு, பழையபடி சுவரில் சோறு வைத்தோம். முதலில் வந்த காகம் அதைத் தொடவில்லை. தலையைச் சாய்த்து, குட்டிகள் கிடந்த வெற்றிடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒங்க அப்பாதான்" என்றாள் மனைவி. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.