அது என் சைக்கிள் இல்லை

ஜபருல்லா பாய் போய்விட்டார்.

பேராவூரணி கடைவீதியில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருந்தாரே... அவர்தான். திங்கட்கிழமை மதியம் கடையில் உட்கார்ந்திருந்தபடியே நெஞ்சு வலி. ஐம்பதுகூட ஆகவில்லை.

அன்றிலிருந்து இதை ஃபேஸ்புக்கில் எழுத போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். இன்று எழுதியே ஆக வேண்டும்.

என் மனைவி தவறிய வருஷம், ஹாலில் ஃபேன் நின்றுபோனது. சரிசெய்ய வந்த பாய் டீயைக் குடித்துக்கொண்டே போர்டிகோவைப் பார்த்தார். கார் இல்லாத போர்டிகோ.

"சார், இந்த எடம் சும்மாத்தானே கெடக்கு?"

"நானும் சும்மாத்தான் கெடக்கேன் பாய்" என்றேன். சிரித்தார்.

மறுநாள் லோடு ஆட்டோவில் ஒரு சைக்கிள் வந்து இறங்கியது. சைக்கிள் என்று அவர் சொன்னதால்தான் தெரிந்தது... யாருடைய தோப்பு ஷெட்டிலோ தேங்காய் மட்டைக்கு அடியில் கிடந்ததாம். தடித்த டயர், நேரான ஹேண்டில்பார். தொண்ணூறுகளில் வந்ததே, மலையில் ஓட்டுகிற ரகம், அந்தக் கியர் சைக்கிள்.

"வீட்டுக்குக் கொண்டு போனா உள்ள விட மாட்டாங்க சார். பழைய மோட்டாரையெல்லாம் இப்பத்தான் எடைக்குப் போட வெச்சாங்க. உங்க சைக்கிள்னு சொல்லிக்கிறேனே?"

சரி என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து ஊருக்கே அது என் சைக்கிள்.

டீக்கடையில் விடுவார்களா? "என்ன சார், சைக்கிள் ரெடியாம்ல... நம்ம ஊருக்கு மலை எப்ப வருது?"

"ஆத்துப் பாலம் இருக்குல்ல, அதுல ஏறிக்கிறேன்" என்பேன். பாய் பக்கத்திலேயே நின்று, ஒன்றும் அறியாதவர் போல வடையைப் பிட்டுக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் நேராக இங்கேதான் வருவார். பேச்சு குறைவு. துருவின் மேல் உப்புத்தாள் உரசுகிற சத்தம்தான் அதிகம்.

ஒருநாள் மகள் மெல்போர்னிலிருந்து கூப்பிட்டபோது, "என்னப்பா அங்க சத்தம்?" என்று கேட்டாள்.

"வீட்ல ஆள் இருக்காங்கம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன்... அந்த வாக்கியத்தைச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று என்று.

டீக்கடைக்காரர் கேட்டதை நானும் கேட்டுப் பார்த்தேன். இந்தத் தட்டையான ஊரில் கியர் எதற்கு பாய்?

கை நிற்காமல் தேய்த்துக்கொண்டே சொன்னார். "கால்வாயில மொதத் தண்ணி வர்றப்ப பசங்க எல்லாம் கரையில அதுகூடவே ஓடுவோம்ல சார். ரைஸ்மில்காரர் மகன் மட்டும் கியர் சைக்கிள்ல வந்தான். தண்ணி என்ன வேகமோ அதே வேகம்... ஒரு மிதி கூடவும் இல்ல, ஒரு மிதி கொறையவும் இல்ல. நான் மதகு வரைக்கும் ஓடி, மூச்சு வாங்கி நின்னுட்டேன். அவன் தண்ணியோட போய்க்கிட்டே இருந்தான்."

"சவுதியில அத்தனை வருஷம் இருந்தீங்களே, அங்கயே ஒண்ணு வாங்கியிருக்கலாமே?"

"அங்க எந்தத் தண்ணிகூட ஓட்டுறது சார்?"

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்களிடம் வர நாளாகும். காய்ந்த கால்வாயில் நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு, பிள்ளைகள் ஓட்டமும் நடையுமாகக் கூடவே போகிற வேகத்தில் வரும். பெரியவர்கள் பூவும் நெல்லும் தூவுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியபோது வேகத்துக்கு நான் எப்போதும் ரயிலைத்தான் உதாரணம் சொன்னேன். இந்தத் தண்ணீரைச் சொல்லியிருக்கலாம். என் மாணவர்கள் எல்லோரும் அதனோடு ஓடியவர்கள்தானே.

போன வருஷமே அவர் ஓட்டியிருக்க வேண்டியது. ஃபிரேமுக்கு நீல பெயின்ட் அடித்து, பிரேக் மாற்றி எல்லாம் முடிந்துவிட்டது. பின்சக்கரத்தில் மாட்டுகிற பல்சக்கரம் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. தண்ணீர் வந்த அன்று, தள்ளிக்கொண்டாவது கரைக்குப் போகலாமே என்றேன்.

"வேணாம் சார். ஓட்டித்தான் போகணும்."

இருவரும் வெறுங்கையோடு கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

இன்று மாலை அவர் மனைவியின் தம்பி வந்தார். அக்காவை லாத்தா என்பார். கையில் ஒரு பார்சல்.

"சார், லூதியானாவுலேர்ந்து கடைக்கு வந்துச்சு. உங்க சைக்கிளுக்குன்னு மச்சான் சொல்லி வெச்சிருந்தாங்களாம். லாத்தாதான் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. 'சாரோட வேலை பாதியில நிக்குதே, வேற ஆள் யாரையாவது பாத்து விடுடா'ன்னாங்க."

கணவரை அடக்கம் செய்த வீட்டிலிருந்து என் சைக்கிளுக்காக ஒரு கவலை.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. பார்சலை வாங்கிக்கொண்டேன்.

நேரில் போய்ச் சொல்லவும் வழியில்லை. அவர் மனைவி இத்தா இருக்கிறார், கணவரை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கிற காலம். நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் யாரும் பார்க்க முடியாது. அதற்குள் தண்ணீர் வந்துவிடும்.

அதனால் இங்கே எழுதுகிறேன். தம்பி, நீங்கள் இதைப் பார்ப்பீர்கள். உங்கள் லாத்தாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அது என் சைக்கிள் இல்லை அம்மா. ஒருநாளும் என்னுடையதாக இருந்ததில்லை. உங்கள் வீட்டுச் சைக்கிள். உங்கள் திட்டுக்குப் பயந்து என் பெயரைச் சொல்லிவிட்டார். இப்போது திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், நானும்தான் கூட்டு.

பல்சக்கரத்தை நாளை நானே மாட்டிவிடுகிறேன். இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தானே. தண்ணீர் வருவதற்குள் தயாராக இருக்கும். என் முழங்காலை நம்பி ஏற முடியாது... யார் ஓட்டுவது என்று நீங்கள் சொல்லுங்கள்.

போர்டிகோவில் நீலமாக நிற்கிறது. இன்று சத்தம் இல்லை.

போய் வாங்க பாய். ஆத்துப் பாலம் ஏறும்போது கியரை மாத்திக்குங்க.